படலை சாத்தாத ஊரில் ஓர் அலுவலகம்

வேலணையில் பகல் நேரத்தில் ஒரு வீட்டுக் கதவு சாத்தியிருந்தால் ஊர் இரண்டு முடிவுகளுக்குத்தான் வரும். ஒன்று, வீட்டுக்காரர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள். இல்லாவிட்டால் உள்ளே சண்டை நடக்கிறது. முதலாவது என்றால் வீட்டு முன்னாலுள்ள ஒழுங்கையால் போகிறவர்கள் பெருமூச்சு விட்டுக்கொண்டு போவார்கள். இரண்டாவது என்றால் விலக்குப் பிடிக்க உள்ளே வருவார்கள். உள்ளே ஒருத்தி வேலை செய்துகொண்டிருக்கலாம் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. தோன்றாததற்கு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இங்கே வேலை என்றால் காலையில் பஸ் ஏறிப் போவது, கடலுக்குப் போவது, தோட்டத்துக்குப் போவது. வீட்டிலேயே இருப்பவள் சும்மா இருப்பவள்.

அந்தச் சும்மா என்ற சொல்லைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நீர் வீட்டிலை சும்மாதானே இருக்கிறீர், இந்த பாங்க் கடிதத்தை ஒருக்கா வாசிச்சுச் சொல்லும்." "சும்மாதானே இருக்கிறீர், என்ரை பிள்ளையை ஒரு மணித்தியாலம் பாத்துக்கொள்ளும்." நான் சும்மா இருந்த நாள் எது என்று எனக்கே நினைவில்லை.

நான் செய்வது தொலைபேசியில் மொழிபெயர்க்கும் வேலை. இங்கிலாந்தில் எத்தனையோ வருடமாக வாழ்கிற நம்மவர்களில் பலருக்கு, கடைத்தெரு ஆங்கிலம் வந்தாலும், வைத்தியர் முன்னால் போய் இருந்தால் நோவைச் சொல்ல வாய் வராது. அப்போது வைத்தியர் ஒரு நிறுவனத்தை அழைப்பார். நிறுவனம் என்னை அழைக்கும். வைத்தியர் சொல்வதைத் தமிழிலும் நோயாளி சொல்வதை ஆங்கிலத்திலும் நான் நடுவில் நின்று சொல்வேன். அவர்களுடைய காலை எங்களுக்கு மத்தியானம் என்பதால், ஊர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில் என் அலுவலகம் திறக்கும். பொழுதுபடும்போது மூடும்.

அலுவலகம் என்றது எங்கள் வீட்டுச் சாமானறையை. அங்கே கிடந்த நெல்லு மூட்டையையும் கால் உடைந்த கதிரையையும் ஒதுக்கிவிட்டு, எதிரொலி வராமல் சுவரெல்லாம் பழைய பாயும் போர்வையும் தொங்கவிட்டேன். மேசை, மடிக்கணினி, காதில் மாட்டும் கருவி, அவ்வளவுதான். கதவும் சன்னலும் சாத்தியிருக்கவேண்டும். சித்திரை வெயிலில் அந்த அறைக்குள் இருந்தால், நீத்துப்பெட்டிக்குள் புட்டு அவிகிற மாதிரி ஆள் அவிந்துபோகும். விதிகள் அப்படி. நோயாளி சொல்வது வேறொரு காதுக்குப் போகக்கூடாது. பின்னால் ஒரு சத்தமும் கேட்கக்கூடாது. கேட்ட கதைகளை வெளியில் சொல்லக்கூடாது. ஆகவே அவற்றை இங்கே சொல்லப்போவதில்லை.

இந்த வேலையில் நான் இன்னும் தகுதிகாண் காலத்தில் இருந்தேன். அதில் தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் என்ன என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. என் கணவர் குறிகட்டுவானில் இருந்து நயினாதீவுக்கு ஓடும் படகொன்றில் வேலை செய்கிறார். காற்று எழும்பினால் படகு ஓடாது, படகு ஓடாவிட்டால் சம்பளம் இல்லை. ஒருவர் உழைப்பில் வீடு நிற்காது. மகள் பிறக்க முன்னர் நான் கொழும்பில் ஒரு ஹோட்டலில் முன்பதிவுப் பிரிவில் இருந்தவள். திரும்பிப் போனால் எடுப்பார்கள். ஆனால் மகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கொழும்பில் வைத்திருக்க முடியாது. அவளை விட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

இந்த இடத்தில் பின்வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். என்னைவிட நல்ல மூத்தவர். பிள்ளைகள் இருவரும் பிரான்ஸில், கணவர் இல்லை. அவருடைய வளவுக்கும் எங்கள் வளவுக்கும் நடுவிலுள்ள வேலியில் ஒரு பொட்டு இருக்கிறது, ஓர் ஆள் குனிந்து புகுந்து வரக்கூடிய இடைவெளி. சுளகு, கறிவேப்பிலை, காய்ச்சல் குளிசை, ஊர்ப் புதினம் எல்லாம் அதால்தான் போய்வரும். மகள் பிறந்து நான் படுத்திருந்தபோது பத்தியக் கறி வந்ததும் அதால்தான். அப்படிப்பட்ட மனிசியிடம் "வராதேங்கோ" என்று எந்த வாயால் சொல்வது?

முதல் முறைப்பாடு வந்தது தண்ணீர் பவுசரால். எங்கள் கிணறு உவர்த் தண்ணீர். குடிக்கும் தண்ணீர் பவுசரில் வரும். எப்போது வரும் என்பது பவுசருக்கே தெரியாது. வந்தால் ஓட்டுநர் ஒழுங்கை முகப்பில் நின்று ஹோர்ண் அடிப்பார். அந்தச் சத்தத்துக்கு நயினாதீவில் இருப்பவர்களும் தண்ணீர்க் கானைத் தூக்கிக்கொண்டு ஓடிவரலாம். அது சாத்திய சன்னலையும் தொங்கிய பாயையும் தாண்டி இங்கிலாந்தில் ஒரு வைத்தியரின் காதுவரை போயிருக்கிறது. அவர் நான் தெருவில் நின்று வேலை செய்கிறேன் என்று எழுதிவிட்டார்.

இரண்டாவது முறைப்பாடு அக்காவால். இந்த ஒன்றை மட்டும் சொல்லலாம், இதில் கேட்ட குரல் எங்கள் வீட்டுக் குரல்தான். ஒருநாள் வைத்தியர் மெதுவாக, சொல்லுக்குச் சொல் நிறுத்தி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். நான் அதைத் தமிழில் சொல்ல வாயைத் திறக்க, அறைக் கதவு திறந்தது.

"பிள்ளை, இண்டைக்கு என்ன கறி?"

தொலைபேசியின் அந்தப் பக்கத்தில் இருந்த வயதான அம்மா என்னை முந்திக்கொண்டார். "ஆர் பிள்ளை அது? எங்கடை ஊர்க் கதை மாதிரிக் கிடக்கு. என்ன கறியாம்?"

நோயாளி சொல்வது எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லவேண்டும் என்பது விதி. சொன்னேன். வைத்தியருக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த நாள் என் மேலாளர் அழைத்தார். அவர் ஒரு பெண். முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான் பழக்கம். என் மொழியில் ஒரு குறையும் இல்லை என்றார். வீட்டில்தான் குறை என்றார். இன்னொரு முறைப்பாடு வந்தால் தன்னால் ஒன்றும் செய்யமுடியாது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை தானே என் அழைப்புகளுக்குள் இருந்து கேட்கப்போவதாகவும், அன்றைக்கே முடிவு சொல்லிவிடுவதாகவும் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு சொல் சொல்லியிருப்பேன். அவர் இரக்கமாகச் சொன்னார், நன்றி என்றுதான் சொல்லமுடிந்தது.

அன்று கணவர் வந்து குளித்துவிட்டு விறாந்தையில் இருந்தபோது விஷயத்தைச் சொன்னேன்.

"சரிவராட்டி என்ன செய்யிறது?" என்றார்.

"கொழும்புக்குத்தான் போகவேணும். பழைய இடத்திலை கேட்டால் எடுப்பினம்."

"பிள்ளை?"

"கோப்பாயிலை தங்கச்சி வீட்டிலை விடுவம். பள்ளிக்கூடமும் கிட்ட. நான் லீவு கிடைக்கேக்கை வந்து பாக்கலாம்."

மகள் நிலத்தில் குப்புறப் படுத்து ஒரு படத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். ஏழு வயது. பிள்ளைகள் நிறம் தீட்டும்போது அவர்களுக்குக் காது கேட்காது என்று தாய்மார்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை, நானும் அதை நம்பிக்கொண்டுதான் கதைத்தேன்.

ஊரை மறிக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. வாசல் படலைக்குச் சங்கிலி போட்டேன். என்ன களவு நடந்தது என்று விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். "வேலை நேரம், பின்னேரம் வரவும்" என்று மட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். அது என்ன மட்டை என்று கேட்க இன்னும் அதிகம் பேர் வந்தார்கள். கடைசியில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு அக்காவிடமே சொன்னேன்.

"அக்கா, மத்தியானத்துக்குப் பிறகு எனக்கு வேலை. ஒருத்தரும் வரக்கூடாது."

"ஓம் ஓம், அதுக்கென்ன, நீர் வேலையைச் செய்யும். நான் ஒரு சத்தமும் போடமாட்டன்" என்றார்.

சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த நாள் பூனைபோல வந்து, அறைக்குள் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழைப்பை முடித்துவிட்டு, வேறு ஒரு காதும் கேட்கக்கூடாது அக்கா என்று கெஞ்சினேன். "எனக்குத்தான் இங்கிலிசு விளங்காதே" என்றார். மற்றப் பாதி தமிழ் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது! அன்று இரவு சோற்றுப் பானையை இறக்கும்போது எனக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில் வந்த அழுகை.

பிறகு சித்திரை விடுமுறை தொடங்கியது. முன்பு பள்ளிக்கூடம் முடிந்து மத்தியானம் வருகிற மகள் இப்போது முழுநாளும் வீட்டில். நான் முடிந்தது என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமைக்கு முந்திய திங்கட்கிழமை, தலைவிதியே என்று காதில் கருவியை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

ஒருவரும் வரவில்லை.

முதலில் நான் அதைக் கவனிக்கவில்லை. ஒரு அழைப்பு, இரண்டு அழைப்பு என்று போய், பொழுதுபட்டுக் கதவைத் திறந்தபோதுதான் ஒரு தடவையாவது என்னைக் குழப்ப யாரும் வரவில்லை என்று தெரிந்தது. மகள் விறாந்தைப் படியில் தனியாக இருந்து புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். விடுமுறை என்றால் விடிய வந்து பொழுதுபடப் போகும் அவளுடைய கூட்டாளிப் பெட்டையையும் காணவில்லை. எங்கேயோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். நிம்மதியில் அதற்குமேல் நினைக்கத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். புதன்கிழமை பவுசர் வந்திருக்கிறது, எனக்கு ஹோர்ண் சத்தமே கேட்கவில்லை. படலைக்குள் இரண்டு கானும் நிரம்பி இருந்தன.

"ஆர் நிரப்பினது?" என்று மகளைக் கேட்டேன்.

"பவுசர் மாமா."

"ஹோர்ண் அடிக்கேல்லையே?"

"நான் அடிக்கவேண்டாமெண்டு சொன்னனான்."

ஓட்டுநருக்குக் கடவுள் நல்ல புத்தி கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். வேலை அப்படி ஓடியது. வார்த்தைகள் தேடாமலே வந்தன. ஒரு வைத்தியர் அழைப்பின் முடிவில் எனக்குத் தனியாக நன்றி சொன்னார். இத்தனை மாதத்தில் நான் ஒரு முழு வேலைக்காரியாக இருந்தது அந்த நாட்களில்தான்.

ஆனால் மனது அப்படியே சந்தோஷப்பட விடாது. காலையிலும் அக்காவைக் காணவில்லை. கறிவேப்பிலை கேட்கவும் ஒருவரும் வரவில்லை. நான் சொன்னது அவருக்கு நொந்திருக்குமோ? ஊர் சேர்ந்து என்னை ஒதுக்கிவிட்டதோ? வரவேண்டாம் என்று கெஞ்சினவள் நான்தான். இப்போது வராமல் இருப்பதைத் தாங்கமுடியாமல் குசினிச் சன்னலால் வேலியை எட்டிப்பார்த்துக்கொண்டு நின்றவளும் நான்தான். என்னைப்போல ஒரு ஆளுக்கு எதைக் கொடுத்துத் திருப்திப்படுத்துவது!

அன்றிரவு சாப்பிடும்போது கணவர் ஒரு கதை சொன்னார். "இண்டைக்குப் பஸ்ஸிலை எனக்குப் பக்கத்திலை ஒருத்தரும் இருக்கேல்லை. ஆக்கள் நெருக்கிக்கொண்டு நிக்கினம், என்ரை பக்கத்து சீற் சும்மா கிடக்குது. என்னிலை ஏதும் மணக்குதே?"

நான் முகர்ந்து பார்த்தேன். டீசல் மணம்தான், புதிதாக ஒன்றும் இல்லை. அவர் மறுபடி போய்ச் சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டு வந்தார். மகள் தலையை நிமிர்த்தாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை வேலை முடிந்து, கொடியில் காய்ந்த உடுப்பை எடுக்கப் பின்வளவுக்குப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் வந்தது.

"பிள்ளை, கிட்ட வராதையும். அதிலை நில்லும்."

பொட்டுக்கு அப்பால் அவர் நின்றார். சேலைத் தலைப்பால் மூக்கையும் வாயையும் பொத்தியிருந்தார். காலடியில் ஓர் இளநீர்க் குலை.

"இளநி கொண்டந்திருக்கிறன். நான் போனபிறகு எடும். உடம்பு குளிர்மையா இருக்கவேணும். சொறியாதையும், தழும்பு விழும். தலைக்குத் தண்ணி வாக்கிறது எப்ப?"

"ஆருக்கு அக்கா?"

"உமக்குத்தான். காய்ச்சல் தலைக்கு ஏறிட்டுதே?"

"எனக்கு ஒரு காய்ச்சலும் இல்லையே."

அக்கா குரலைத் தாழ்த்தினார். "அம்மாள் வந்த வீட்டிலை அப்பிடிச் சொல்லக்கூடாது பிள்ளை."

அப்போதுதான் கண்டேன். பொட்டின் இரண்டு பக்கத்து வேலிக் கதியாலிலும், குசினிச் சன்னலுக்குத் தெரியாதபடி அக்காவின் பக்கமாக, வேப்பங்குழை கட்டியிருந்தது. கட்டியிருந்தது மகள் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் சிவப்பு றிபனால். ஓடிப்போய்ப் படலையைத் திறந்து வெளிப்பக்கம் பார்த்தேன். அங்கேயும் ஒரு பிடி வேப்பிலை, அங்கேயும் றிபன். படலைக்கு மேலே நிற்பதே ஒரு வேப்ப மரம். சித்திரையில் இலையும் பூவுமாகக் கொட்டிக்கொண்டிருக்கும். நானும் அந்த நாட்களில் ஒழுங்கைக்கு இறங்கவில்லை, கணவர் இருட்டோடு போய் இருட்டோடு வருகிறவர். இருவர் கண்ணிலும் அது படவில்லை.

எங்கள் பக்கத்தில் கொப்பளிப்பான் என்ற அம்மை நோய் வந்தால் அதை வருத்தம் என்று சொல்லமாட்டோம். அம்மாள் வந்திருக்கிறா என்போம். வாசலில் வேப்பிலை கட்டுவோம். அந்த இலையைக் கண்டால் கல்யாணம் பேச வந்தவர்களும் திரும்பிப் போவார்கள். சங்கிலிக்கும் மட்டைக்கும் அடங்காத ஊரை என் மகள் இரண்டு கொப்பு வேப்பிலையால் அடக்கியிருக்கிறாள். விடுமுறைக்கு முன்னர் அவள் வகுப்புப் பிள்ளையொன்றின் வீட்டில் இப்படிக் கட்டியிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். ஒருவரும் அங்கே போகவில்லை என்பதையும் பார்த்திருக்கிறாள்.

திரும்பிப் பின்வளவுக்கு வரும்போது என் மூளை வேகமாக ஓடியது. நாளை வெள்ளிக்கிழமை. மேலாளர் கேட்கப்போகும் நாள். இந்த இலை இன்னும் ஒரு நாள் இப்படியே கிடந்தால் யாருக்கு என்ன நட்டம்? பொய் வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அக்கா அதே இடத்தில் மூக்கைப் பொத்தியபடி நின்று சொன்னார், "அம்மன் கோயிலிலை உமக்காகப் பொங்கிறன் எண்டு நேத்தி வைச்சிருக்கிறன். பயப்பிடாதையும்." அந்த முகத்துக்கு முன்னால் எனக்கு ஏலாமல் போய்விட்டது.

"அக்கா, எனக்கு ஒண்டும் வரேல்லை. இது பிள்ளை கட்டினது."

அக்கா தலைப்பை மெதுவாகக் கீழே விட்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவருக்கு வந்த கோபத்தை நான் முன்பு கண்டதில்லை.

"அம்மாளோடை பகிடி விடுறதோ? கூப்பிடும் அவளை!"

மகள் ஏற்கெனவே குசினி வாசலில் நின்றாள். அக்கா பொட்டால் புகுந்து வந்து அவள் முன்னால் நின்றார்.

"ஏனடி கட்டினனி?"

மகள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "ஆக்கள் வந்து கதைச்சா அம்மான்ரை வேலை போயிடும். வேலை போனா அம்மா கொழும்புக்குப் போயிடுவா. என்னைச் சித்தி வீட்டிலை விடுவினம்."

அழாமல் சொன்னாள். பாடம் ஒப்புவிப்பதுபோல, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். நான் போய்க் கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டேன். அன்று விறாந்தையில் நாங்கள் கதைத்ததை எல்லாம் அவள் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு எங்களிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. தன்னால் ஆனதைச் செய்திருக்கிறாள்.

அக்காவின் கோபம் போகவில்லை. ஆனால் அது இப்போது என் பக்கம் திரும்பியது.

"உதை நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"வேலையெண்டு சொன்னனான்தானே அக்கா."

"வேலையெண்டு சொன்னீர். பிள்ளையை விட்டிட்டுப் போகவேண்டி வருமெண்டு சொன்னீரோ? சொல்லியிருந்தால் நானே அந்தப் பொட்டை அடைச்சிருப்பன். என்ரை ரெண்டும் போனாப் பிறகு நான் அந்த வீட்டுக்குள்ளை எப்பிடி இருக்கிறன் எண்டு உமக்குத் தெரியாதே? ஏன் நாளுக்கு நாலுதரம் உம்மடை வீட்டுக்கு வாறன் எண்டு நினைக்கிறீர்?"

வேலை போய்விடலாம் என்று வாய்விட்டுச் சொல்வது எனக்கு வெட்கமாக இருந்தது. வேலை செய்கிறேன் என்று ஊர் மதிக்கவேண்டும், ஆனால் அந்த வேலை ஆடிக்கொண்டிருப்பது ஊருக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தேன். அவர்களுக்கு விளங்கவில்லை என்று இத்தனை நாள் எரிந்தேனே, விளங்கவேண்டிய பகுதியை நான்தான் மறைத்துவைத்திருந்தேன்.

அக்கா றிபனை அவிழ்த்து மகளின் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அம்மாள் வந்தும் மனிசி கதவைச் சாத்திப்போட்டு வேலை செய்யுது, உது லேசுப்பட்ட வேலையில்லை எண்டு ஒழுங்கை முழுக்க நான்தான் சொல்லித் திரிஞ்சனான்" என்றார். பிறகு விரலை நீட்டி, "ஆனா நேத்தி நேத்திதான். வராத வருத்தத்துக்கும் பொங்கத்தான் வேணும்" என்றார். அடுத்த வாரம் பொங்கினோம். எனக்கு வராத வருத்தத்துக்காக நானே பானை சுமந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், வேப்பிலை இல்லாத படலைக்குள் அக்கா ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டார். மடியில் ஒரு சுளகு, அதில் உழுந்து. ஒழுங்கையால் வந்த ஒவ்வொருவரையும் கையைக் காட்டி மறித்து, குசுகுசுவென்று ஏதோ சொல்லி அனுப்பினார். மீன்கார அண்ணை மோட்டார் சைக்கிளை நிறுத்தி, எங்கள் வளவு தாண்டும்வரை உருட்டிக்கொண்டு போனார். இதெல்லாம் மகள் பிறகு சொல்லித் தெரிந்தது. எனக்கு உள்ளே தெரிந்ததெல்லாம் என் மூச்சுச் சத்தம் மட்டும்தான். மேலாளர் எந்த அழைப்பில் இருக்கிறார் என்று தெரியாது, ஆகவே எல்லா அழைப்பிலும் இருக்கிறார் என்றே வைத்துக்கொண்டேன். இடையில் மின்சாரம் நின்று காற்றாடியும் நின்றது. மின்கலத்தால் இணைப்பு அறுபடாமல் ஓடியது. வியர்வை கண்ணுக்குள் இறங்க இறங்க நான் ஒரு சொல்லும் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் கேட்ட நோவுகள் எல்லாம் வேறு யாரோ பட்ட நோவுகள். அவர்களுக்கு நான் ஒரு நல்ல குரலாக இருக்கவேண்டும் என்று மட்டும்தான் அந்த நேரத்தில் நினைத்தேன். கொழும்பை மறந்திருந்தேன்.

கடைசி அழைப்பு முடிந்ததும் மேலாளரின் குரல் வந்தது.

ஒரு பறவை கேட்டதே, அது என்ன பறவை என்று கேட்டார்.

குயில் என்றேன். வேறு என்ன சொல்வது? அதை மறிக்க அக்காவாலும் முடியாதே.

அவர் சிரித்தார். குயிலுக்கு எதிராகத் தான் ஒன்றும் எழுதப்போவதில்லை என்றார். திங்கட்கிழமையில் இருந்து என் வேலை நிரந்தரம் என்றார். நன்றி சொன்னேனா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். படலையடியில் அக்கா கதிரையில் தலை சாய்ந்து நித்திரையாகிவிட்டார். உழுந்துச் சுளகு மகளின் மடிக்கு மாறியிருந்தது. அவள் என்னைக் கண்டதும் வாயில் விரலை வைத்துக் காட்டினாள். நான் பக்கத்தில் போய்க் குந்தியிருந்து, காதுக்குள் சொன்னேன்.

"அம்மா கொழும்புக்குப் போகேல்லை."

"நாளைக்கும் போகமாட்டீங்களோ?"

"போகமாட்டன். இனி இஞ்சைதான் வேலை."

அவள் உழுந்தில் கல்லுப் பொறுக்கிக்கொண்டே, மிக மெதுவாக, மறுத்துவிடுவேனோ என்ற பயத்தோடு கேட்டாள்.

"அப்ப, இனி என்ரை கூட்டாளியை விளையாட வரச்சொல்லட்டோ?"

சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று நான் நினைத்த அந்தப் பெட்டை எங்கும் போகவில்லை. பக்கத்து ஒழுங்கையில்தான் இருந்திருக்கிறாள். வரவேண்டாம் என்று என் மகள் முதன்முதலில் மறித்தது அவளைத்தான். ஊரெல்லாம் பிள்ளைகள் ஊஞ்சல் கட்டி ஆடிய விடுமுறையில், எனக்காகத் தன்னந்தனியே படியில் இருந்து புளியங்கொட்டை அடுக்கியிருக்கிறாள்.

"ஓம், கூட்டிக்கொண்டு வா" என்றேன்.

அவள் சுளகை என் கையில் வைத்துவிட்டு, செருப்பும் போடாமல், கூட்டாளியின் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஒழுங்கையால் ஓடினாள். அக்கா திடுக்கிட்டு விழித்து, "உஷ், சத்தம் போடாதை, அம்மா வேலை செய்யிறா" என்றார். நான் அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, மகள் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.